அழைப்பு வந்ததென்று தோன்றினால்: முதல் நாள் முதல் புறப்படும் நாள் வரை

மே மாதக் கூடுகைகளும் வாலிபர் முகாம்களும் முடிந்து கொடைக்கானல் கொஞ்சம் அமைதியாகும்போது எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மேல்மலையில் பூண்டு போடுகிற பையன், கீழ்மலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண், ஊருக்குள் ஓட்டலில் வேலை பார்க்கிற தம்பி, கல்லூரி முடித்து வீட்டில் இருக்கிற தங்கச்சி. வந்து உட்கார்ந்து, டீ ஆறும்வரை தயங்கிவிட்டுக் கேட்பார்கள்: "அண்ணே, ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார்னு நினைக்கிறேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு வந்தவர்களுடன் கூடவே நடந்திருக்கிறேன். விசுவாசம் குறைந்து விழுந்தவர்கள் சிலர்தான். வரிசை தப்பி விழுந்தவர்களே அதிகம். நானும் அப்படி விழுந்தவன். இருபத்து மூன்று வயதில் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன், திங்கட்கிழமை வேலையை விட்டேன், வியாழக்கிழமைதான் அப்பாவிடம் சொன்னேன். நான்கு மாதத்தில் திரும்பி வந்து, அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆலயத்தின் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த அழைப்பு மெய்யானது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்தேன். அதனால்தான் வரிசையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அழைப்பு என்று சொல்லும்போது ஆயராவதையும் மிஷனரியாவதையும் மட்டும் மனதில் வைக்காதீர்கள். நர்ஸ் படிப்பு, மலைக்கிராமத்தில் ஆசிரியர் வேலை, படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொள்வது என எதுவாகவும் அது இருக்கலாம். எதுவானாலும் கீழே உள்ள படிகளில் பெரிய மாற்றம் இல்லை.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு வேதாகமம். செல்போனில் இருப்பது போதாது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்து விழும். ஒரு நோட்டு. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன் என்று தீர்மானம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு "சின்ன காரியத்திலேயே தவறிவிட்டேன்" என்ற குற்ற உணர்வு ஒட்டிக்கொள்கிறது. உங்களால் தொடர்ந்து செய்ய முடிகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. இதில் முக்கியம் நாள் தவறாமல் செய்வது.

கடைசியாக, உங்களைவிட விசுவாசத்தில் மூத்த ஒருவர். அவர் யாராக இருக்க வேண்டும் என்பது முதல் படியிலேயே வருகிறது.

1. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்

சாமுவேலின் கதையை ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். ஆலயத்தில் படுத்திருந்த பிள்ளை, கர்த்தர் கூப்பிட்ட குரலை ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று முறை எழுந்து ஓடினான். கர்த்தர் பேசினது உண்மை. ஆனாலும் அது யாருடைய குரல் என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறையில்தான் ஏலி புரிந்துகொண்டு, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி கற்றுக்கொடுத்தார் (1 சாமுவேல் 3).

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏலி அப்போது கண் மங்கிய கிழவர். தன் பிள்ளைகளையே அடக்காதவர். அப்படிப்பட்டவர்கூட வழிகாட்டினார். ஆகையால் குறையே இல்லாத ஒரு பரிசுத்தவானைத் தேடி அலைய வேண்டாம். வாயை அடக்கத் தெரிந்தவர், வேதத்தை அறிந்தவர், உங்கள் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லக்கூடியவர், உங்கள் முடிவால் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாதவர். இந்த நான்கும் இருந்தால் போதும். கடைசித் தகுதியை நிறையப் பேர் பார்ப்பதில்லை. தன் ஊழியத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் போய், "எனக்கு அழைப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தன் தேவையை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களைப் பார்க்க அவரால் முடியாது.

ஏன் ஒருவர் மட்டும்? பத்துப் பேரிடம் சொன்ன பிறகு அழைப்பைச் சோதித்துப் பார்க்கவே முடியாது. முதலாமவர் கைகொடுப்பார், இரண்டாமவர் கண்ணீர் விடுவார், மூன்றாமவர் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவார். அதன்பின் பின்வாங்கினால் அவமானம் என்ற பயம்தான் உங்களை நடத்தும். கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறீர்களா, ஊர்வாய்க்குப் பயப்படுகிறீர்களா என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகும்.

பெற்றோரிடம்கூடவா சொல்லக்கூடாது என்று கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும்; ஆறாம் படியில் வருகிறது. என்ன சொல்லப் போகிறோம் என்று தெளிந்த பிறகு சொல்லுங்கள்.

2. கேட்டதையும் நீங்கள் சேர்த்ததையும் பிரித்து எழுதுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம்: எது என் மனதைத் தொட்டது? எந்த வசனம், எந்தச் சம்பவம், என்றைக்கு? வலது பக்கம்: அதிலிருந்து நான் என்ன முடிவு கட்டினேன்?

ஒரு தங்கச்சி எழுதிக்கொண்டு வந்த பக்கம் நினைவில் இருக்கிறது. இடது பக்கம் ஒரே வரிதான்: "நோயாளிகளைப் பற்றிப் பேசினபோது அழுதேன்." வலது பக்கம் முழுக்க நிரம்பியிருந்தது. வடஇந்தியா, இந்தி படிப்பது, கல்யாணம் செய்யாமல் இருப்பது, வேலையை விடுவது. இடது பக்கம் ஆண்டவருடைய காரியமாக இருக்கலாம். வலது பக்கம் முழுவதும் அவளுடைய கற்பனை. அதில் தப்பில்லை, வாலிபத்தில் கற்பனை ஓடத்தான் செய்யும். ஆனால் வலது பக்கத்துக்கும் "கர்த்தர் சொன்னார்" என்று முத்திரை குத்திவிட்டால், அதில் ஒன்று நடக்காமல் போகும் நாளில் இடது பக்கத்தையும் சேர்த்துச் சந்தேகிப்போம்.

ஆபிரகாமுக்கு முதலில் கிடைத்ததே பாதி விவரம்தான். தேசத்தை விட்டுப் புறப்படு என்று சொல்லப்பட்டது. எந்த தேசத்துக்கு என்பது "நான் உனக்குக் காண்பிக்கும் தேசம்" என்பதோடு நின்றுவிட்டது. மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளாமல் நடந்தார். உங்கள் இடது பக்கமும் சின்னதாகவே இருக்கட்டும்.

3. ஏற்கெனவே தெரிந்ததற்கு முதலில் கீழ்ப்படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிதியோன் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அடையாளம் கேட்டுப் போட்ட தோலும் அதன்மேல் பெய்த பனியும், முந்நூறு பேரும், உடைந்த பானைகளும். அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். மீதியானியரோடு யுத்தம் செய்ய அழைக்கப்பட்டவனுக்கு அன்று இரவே கிடைத்த முதல் கட்டளை, தன் தகப்பனுடைய பாகால் பலிபீடத்தைத் தகர்த்துப்போடுவது (நியாயாதிபதிகள் 6:25). எதிரி பள்ளத்தாக்கில் இருந்தான். முதல் வேலை வீட்டு முற்றத்தில் இருந்தது. தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யாமல் இரவில் செய்தான். அப்படிப் பயத்தோடு செய்ததும் கீழ்ப்படிதலாகவே எண்ணப்பட்டது. இது எனக்குப் பெரிய ஆறுதல். தைரியம் வந்த பிறகு செய்கிறேன் என்று நாம் காத்திருக்கிறோம். கிதியோன் பயத்தையும் கூட்டிக்கொண்டே போனான்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளை எது? அதற்கு நாற்பது நாள் ஜெபம் தேவைப்படாது. பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணனிடம் போய்ப் பேசுவது. கடையில் வைத்த பாக்கியைக் கட்டுவது. தோட்டத்து எல்லையில் பக்கத்துக்காரரின் வரப்பை இரண்டடி தள்ளிப் போட்டிருந்தால் பழையபடி நகர்த்துவது. யாருக்கும் தெரியாமல் செல்போனில் பார்க்கிற ஒன்றை விடுவது. இவற்றைச் செய்யச் சொல்லித் தனியாக ஒரு தரிசனம் வராது. அவை எழுதப்பட்டு வருடக்கணக்காகக் கையில் இருக்கின்றன.

இதைச் செய்யாமல் பெரிய அழைப்பைப் பற்றி ஜெபித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சவுல் ராஜாவுக்கு ஆனதுதான். அழிக்கும்படி கட்டளையிடப்பட்ட அமலேக்கியரின் ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டு, அவற்றைப் பலியிடப் போகிறோம் என்று சொன்னான். அவனுக்குக் கிடைத்த பதில்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" (1 சாமுவேல் 15:22). முழுநேர ஊழியத்துக்கு என்னைக் கொடுக்கிறேன் என்பதும் ஒரு பலிதான். அண்ணனோடு பேசாமல் அதைக் கொடுக்க முடியாது.

மேல்மலையிலிருந்து வந்த ஒரு தம்பி இந்தப் படியிலேயே ஐந்து மாதம் நின்றான். சித்தப்பா குடும்பத்தோடு தண்ணீர்ப் பங்கில் சண்டை. போய் மன்னிப்புக் கேள் என்றேன். "தப்பு அவங்க மேல அண்ணே" என்றான். அதுவும் உண்மைதான். ஐந்தாவது மாதம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கிறான். மறுநாள் சித்தி சாப்பிடக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அவன் அழைப்பைப் பற்றிப் பேசியபோது குரலில் இருந்த அவசரம் போயிருந்தது.

4. சோதித்துப் பாருங்கள்

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பதும் வேதவசனம்தான் (1 தெசலோனிக்கேயர் 5:21).

முதலில், வேதத்துக்கு முரணாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகச் சொல்கிற குரல் கர்த்தருடையதாக இருக்காது. இது ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை.

அடுத்தது காலம். உணர்ச்சி சீக்கிரம் வடிந்துவிடும், அழைப்பு வடியாது. முகாமில் பாட்டும் கண்ணீருமாக இருந்தபோது கேட்டதை, பூண்டுக் காட்டில் களை எடுத்து முதுகு வலிக்கிற புதன்கிழமை மத்தியானத்திலும் கேட்க முடிகிறதா? நான் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வேன். அந்த மூன்று மாதமும் எந்தப் பெரிய முடிவும் எடுக்கக்கூடாது. வாரம் ஒருமுறை நோட்டில் தேதி போட்டு நான்கு வரி மட்டும் எழுதினால் போதும். பிறகு மொத்தமாக வாசித்துப் பார்க்கும்போது எது திரும்பத் திரும்ப வருகிறது, எது காணாமல் போனது என்று தெரியும்.

மூன்றாவது, இந்த எண்ணத்துக்குப் பின்னால் தப்பி ஓடுகிற ஆசை ஒளிந்திருக்கிறதா? அரியர் பேப்பர், பிடிக்காத வேலை, வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளை. இவற்றிலிருந்து தப்ப ஒரு நல்ல காரணம் கிடைத்தால் மனது அதற்கு அழைப்பு என்று பெயர் வைத்துவிடும். "இப்போது இருக்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தாலும் போவேனா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வாசல் திறந்தது என்பதை அடையாளமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யோனா கர்த்தருடைய சமுகத்தினின்று விலகி ஓடியபோது யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. எல்லா வாசலும் திறந்துதான் இருந்தது. ஆகவே இடம் கிடைத்தது, ஸ்காலர்ஷிப் கிடைத்தது, பஸ் சரியான நேரத்துக்கு வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

"கிதியோன் தோல் போட்டானே, நான் ஏன் அடையாளம் கேட்கக்கூடாது?" என்பார்கள். கிதியோன் தோலைப் போட்டது பலிபீடத்தை இடித்த பிறகு. மூன்றாம் படியை முடித்துவிட்டு வந்து கேளுங்கள். முடித்தவர்களில் பலருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றுவதில்லை.

5. கையில் இருப்பதைக் கொண்டு ஏதாவது செய்யத் தொடங்குங்கள்

மோசே ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குச் சொன்னபோது கர்த்தர் கேட்டது: "உன் கையிலிருக்கிறது என்ன?" கையில் இருந்தது ஆடு மேய்க்கிற கோல். அது போதுமானதாக இருந்தது.

மூன்று மாதக் காத்திருப்பில் சும்மா இருக்க வேண்டாம். அழைப்பு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் இருக்கிற சின்ன வேலை ஒன்றை, இருக்கிற ஊரிலேயே பிடியுங்கள். பிள்ளைகளைக் குறித்த பாரம் என்றால் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு. நோயாளிகளைக் குறித்தது என்றால், மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்குத் துணையாகப் போய் வரிசையில் நிற்பது. எங்கள் மலையில் இந்தத் தேவைக்குக் குறைவே இல்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருப்பார்கள். எண்பது வயது அம்மா வத்தலக்குண்டு பஸ்ஸில் தனியாக இறங்கிப் போய் ஸ்கேன் எடுத்து வர வேண்டியிருக்கும். சுவிசேஷம் சொல்ல ஆசை என்றால், முதலில் ஒரு வருடம் சபையின் தூர வீடுகளுக்குப் போய் வாருங்கள். பேச வேண்டாம், கேளுங்கள்.

மேடையும் மைக்கும் இல்லாத வேலையாக அது இருக்கட்டும். யாரும் பார்க்காதபோது அதில் சந்தோஷம் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிய வேண்டும். கிறிஸ்துமஸ் கீத பவனியில் கிடார் வாசிக்க முன்வருகிறவர்கள் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்து ஆலயத்தைக் கூட்டும்போது தேடினால் கிடைக்க மாட்டார்கள். நான் கூட்டுகிறவர்களைத்தான் பார்த்து வைத்துக்கொள்வேன்.

இங்கே புதியவர்கள் செய்கிற தவறு ஒரே நேரத்தில் ஐந்து பொறுப்பை எடுப்பது. ஒன்றை மட்டும் எடுத்து முடித்துக் காட்டுங்கள்.

6. வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், கணக்கோடு

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 14:28). இந்த வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். பேனா எடுத்துச் செய்திருக்கிறோமா?

எழுத வேண்டியவை இவை. வீட்டில் கடன் எவ்வளவு? குழு லோன், நகைக்கடன், வங்கிக் கடன் ஒவ்வொன்றும் தனித்தனியாக. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், அதில் உங்கள் சம்பளத்திலிருந்து போவது எவ்வளவு? தங்கையின் படிப்பு எப்போது முடியும்? அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தை யார் பார்ப்பது? பெற்றோருக்கு மருந்துச் செலவு எவ்வளவு? நீங்கள் போனால் இந்த இடத்தை எது நிரப்பும்?

சிலர் இதைக் கேட்டவுடன், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். அவர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால் அவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கடுமையாகவே எழுதினார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததும் மாற்கு 7-ம் அதிகாரத்தில் இருக்கிறது. என் அப்பாவிடம் வியாழக்கிழமை சொன்னேன் என்றேனே, அன்று அவர் கோபப்படவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். என் சம்பளத்தை நம்பி ஒரு நகையை அடகு வைத்திருந்தார் என்பது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்காக வீட்டார் எல்லோரும் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதலில் என் தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனுக்குக் கிடைத்த பதிலும் நமக்குத் தெரியும்: "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும், நீ என்னைப் பின்பற்றி வா." இந்த இரண்டு வசனங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பது கஷ்டம். நான் கற்ற வழி இது: கடமையைக் கணக்காக எழுது, அதற்குத் தேதி போடு, அந்தத் தேதியை வீட்டாரிடம் சொல். "அடுத்த வருடம் மார்ச்சில் நகைக்கடன் முடியும், ஜூனில் போகிறேன்" என்பது கீழ்ப்படிதல். "கடமை எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதில் தேதி இல்லை. அது முடியவே முடியாது.

பேசும் நேரமும் முக்கியம். பூண்டு பிடுங்குகிற நேரத்திலும் காப்பி எடுப்பின் நடுவிலும் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆட்கூலி கொடுக்க முடியாமல் அப்பா தவிக்கும்போது உங்கள் தரிசனம் அவர் காதில் ஏறாது. எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த இடத்திலிருந்து அழைக்கப்பட்டபோது, தகப்பனையும் தாயையும் முத்தஞ்செய்துவிட்டு வர உத்தரவு கேட்டார். மாடுகளை அடித்து, ஏரின் மரத்தாலேயே சமைத்து ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் புறப்பட்டார். வீட்டாரையும் ஊரையும் மதித்து விடைபெற்றார். அதே நேரம் திரும்பி வந்து உழ ஏர் இல்லாமலும் செய்துவிட்டார்.

7. சபையிடம் போங்கள்

இப்போதுதான் ஆயரிடமும் சபைக் கமிட்டியிடமும் சொல்ல வேண்டும். கையில் நோட்டு இருக்கிறது, சில மாத வேலை இருக்கிறது, வீட்டார் அறிந்திருக்கிறார்கள். ஆயரால் உங்களுக்கு உண்மையான ஆலோசனை சொல்ல முடியும்.

அந்தியோகியா சபையார் உபவாசித்து ஆராதனை செய்துகொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் பவுல் எனப்பட்ட சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார் (அப்போஸ்தலர் 13). தமஸ்கு வழியில் தரிசனம் கண்ட பவுலுக்கே சபையார் கை வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. நமக்கு மட்டும் அது எதற்கு என்று கேட்க முடியாது.

குருத்துவப் பணி என்றால் சபையின் பரிந்துரை, திருமண்டலத்தின் தேர்வு, பிறகு இறையியல் படிப்பு என்று ஒழுங்கு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தெரியும். விண்ணப்பத் தேதி, கல்வித் தகுதி எல்லாவற்றையும் ஆயரிடமே கேளுங்கள், மாறிக்கொண்டிருப்பவை அவை. மிஷனரிப் பணி என்றால், போகப்போகிற அமைப்பின் கணக்கு வழக்கு தணிக்கை செய்யப்படுகிறதா, களத்தில் இருந்து திரும்பியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

"இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்று சபை சொன்னால் நெஞ்சு கனக்கும். சபையும் தவறலாம். ஆனாலும் அந்த வருடத்தைக் கொடுத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டு வேறு கூட்டத்துக்குத் தாவி, அங்கே ஆறு மாதத்தில் ஊழியர் பட்டம் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். கஷ்டம் வந்தபோது அவர்களைத் தாங்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.

8. தயாராகும் வருடங்களை வெறுக்காதீர்கள்

தாவீதைச் சாமுவேல் அபிஷேகம் செய்த பிறகு என்ன நடந்தது? தாவீது ஆட்டுமந்தைக்குத் திரும்பிப் போனான். அடுத்த முறை அவனைக் கூப்பிட ஆள் வந்தபோதும் ஆடுகளோடுதான் இருந்தான். எலிசா தீர்க்கதரிசியாக அறியப்படும் முன், எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்றே அறியப்பட்டார்.

கொடைக்கானலில் தன் கடைசி நாட்களைக் கழித்து 1960-ல் இங்கேயே இறந்த, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். மருத்துவம் தெரியாததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அழைப்பு அவ்வளவு தெளிவாக வந்தது. ஆனால் அதற்கான கீழ்ப்படிதல் எப்படி இருந்தது? கப்பலேறி அமெரிக்கா போய், வருடக்கணக்கில் படித்து, 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்தார். உடற்கூறியல் பரீட்சைக்குப் படித்த இரவுகளும் அந்தத் திண்டிவனத்து இரவுக்கான பதில்தான்.

படிப்பை நடுவில் விட்டுவிட்டு "ஊழியத்துக்கு" வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலும் அரியர் பேப்பரை எழுதி முடிப்பதே அந்த வருடத்தின் கீழ்ப்படிதல். அறுத்த பூண்டை அப்படியே எடுத்து யாரும் விதைப்பதில்லை. காய வேண்டிய காலம் காய்ந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

9. புறப்படும் வாரம்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். அன்றாடம் உங்களுக்காக ஜெபிக்க மூன்று பேரை நேரில் போய்க் கேளுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று குரூப்பில் போடுவது போதாது. வீட்டுக்கு மாதம் என்ன அனுப்புவீர்கள், அனுப்ப முடியாத மாதத்தில் யார் உதவுவார்கள் என்று முடிவாகியிருக்கட்டும். இடது பக்கம் எழுதின அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சோர்வு வரும்போது மற்றவர்கள் சொன்னது எதுவும் நிற்காது. நீங்களே தேதி போட்டு எழுதினது நிற்கும்.

பயம் இருக்கும். முழு நிச்சயம் வந்த பிறகு கிளம்பலாம் என்று உட்காராதீர்கள். எட்டுப் படியையும் நேர்மையாகச் செய்தவர்களுக்கும் பத்தில் இரண்டு பங்கு சந்தேகம் மிச்சமிருக்கும். இரவு முழுவதும் வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத பேதுரு, பகலில் மீன் கிடைக்கும் என்று நம்பிப் போடவில்லை. "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்றுதான் போட்டார். அந்த "ஆகிலும்" உங்களுக்கும் போதும்.

10. "இங்கேயே இரு" என்பது பதிலானால்

கெரசேனர் நாட்டில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் நீங்கிச் சுகமானவன், படவில் ஏறின இயேசுவோடு தானும் வருவதாக வேண்டிக்கொண்டான். இயேசு அவனுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. உன் வீட்டிற்குப் போய் உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பினார் (மாற்கு 5). அவனும் போய் தெக்கப்போலியில் பிரசித்தம்பண்ணத் தொடங்கினான். கூட வருகிறேன் என்று கெஞ்சினவனுக்குக் கிடைத்த அந்த மறுப்பே அவனுடைய அழைப்பாயிருந்தது.

மேலே சொன்ன படிகளில் நடந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்தப் பதிலில் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர், தங்களைத் தேவன் ஒதுக்கிவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறார்கள். அந்த நிலையில் இருந்தால், ஐந்தாம் படியில் நீங்கள் எடுத்த அந்தச் சின்ன வேலையை விட்டுவிடாதீர்கள். அதுவே பதிலாக இருக்கலாம். இரண்டாம் படியில் சொன்ன அந்தத் தங்கச்சி வடஇந்தியாவுக்குப் போகவில்லை. மாதத்தில் இரண்டு நாள், மேல்மலையிலிருந்து யாராவது ஒரு வயதானவரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பஸ் ஏறுகிறாள்; ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்கிறாள்; இரவு கடைசி பஸ்ஸில் திரும்பிக் கொண்டுவந்து வீட்டில் விடுகிறாள். போன மாதம் நோட்டைக் காட்டினாள். வலது பக்கம் எல்லாவற்றையும் அடித்திருந்தாள். இடது பக்கத்து ஒற்றை வரியின் கீழே, தேதிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.